மருந்து கெட்டித்தல்

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் ஒரு ரைபிள் வாங்கினான். அந்த ஊரில் இருந்துகொண்டு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அடுத்த மாதமே வேறு ஒரு கேள்வியோடு வந்தான். "தோட்டா விலை கட்டுப்படியாகலடா. நாமளே ரீலோட் பண்ணிக்கலாம்னு பாக்கறேன். முதல்ல என்ன மெஷின் வாங்கறதுன்னு தெரியல. கொஞ்சம் படிச்சுச் சொல்லு." லேப்டாப் ஆனாலும் கார் ஆனாலும், வாங்கும் முன் என்னிடம் ஓர் ஒப்பீட்டு அட்டவணை கேட்பது அவன் வழக்கம். எனக்கும் அந்த மாதிரி அட்டவணைகள் போடப் பிடிக்கும்.

படிக்க ஆரம்பித்தேன். ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டால் பொறி கக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மூன்று போய்விடும், கூடு மட்டும் மிஞ்சும். அதுதான் நான்கிலும் விலை கூடியது. அந்தக் காலிக் கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கி, செத்த பிரைமரைத் தட்டி எடுத்து, புதியதைப் பொருத்தி, மருந்தை அளந்து ஊற்றி, புதுக் குண்டை அழுத்தி வைத்தால் இன்னொரு தோட்டா தயார். இதைச் செய்யும் கருவிக்குப் பெயர் பிரஸ். நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலை மட்டும் செய்வது ஒற்றை நிலை பிரஸ். வேலைக்கான அச்சுகளைச் சுழலும் தலையில் பொருத்தியிருப்பது டர்ரெட். ஒரே இழுப்பில் எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொரு தோட்டாவை நகர்த்திக்கொண்டே போவது புரொகிரஸிவ்.

அனுபவசாலிகள் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லும் அறிவுரை, கற்றுக்கொள்பவன் ஒற்றை நிலையில் தொடங்கட்டும் என்பது. கூடவே நல்ல தராசு, அளவெடுக்கும் காலிப்பர், அச்சிட்ட கையேடு. வேகமான மெஷினில் ஒரு தவறு நடந்தால் நீங்கள் கவனிப்பதற்குள் அந்தத் தவறு ஐம்பது தோட்டாக்களில் ஏறியிருக்கும். மெதுவான மெஷினில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கையால் நூறு முறை செய்து பார்க்காத வேலையை ஆட்டோமேட் பண்ணாதே என்று எங்கள் தொழிலில் சொல்வதும் இதைத்தான்.

இந்தக் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமைகளைக் கொன்று குவித்தவர்கள் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி, கூடாரத்தில் உட்கார்ந்து தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பினார்கள். 1884-இல் ஜான் பார்லோ என்பவரின் ஐடியல் கம்பெனி பாக்குவெட்டி போன்ற ஒரு கைக்கருவியை விற்றது. இரண்டாம் உலகப் போரில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது, 1943-இல், ஃப்ரெட் ஹண்டிங்டன் கலிபோர்னியாவில் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். 1958-இல் ரிச்சர்ட் லீ, சுத்தியலும் ஒரு சின்னப் பெட்டியும் இருந்தால் போதும் என்ற நிலைக்கு இதைக் கொண்டுவந்தார். சாதாரண மனிதன் தன் தோட்டாவைத் தானே தயாரித்துக்கொள்வது அங்கே ஒரு பொழுதுபோக்கு, ஒரு சிக்கனம்.

அட்டவணையை அனுப்பிவிட்டேன். ஆனால் வாசிப்பு அதோடு நிற்கவில்லை. மருந்தை அளந்து, ஈயத்தை வைத்து, தன் கையால் ஒவ்வொரு வெடியையும் தயார்செய்த ஒருவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் எந்தக் கையேட்டையும் படித்ததில்லை. மாரண்டஹள்ளியில் என் பெரியப்பா.

*

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு தாண்டி ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது மாரண்டஹள்ளி. ஒரு பக்கம் தென்னையும் தக்காளியும். மேற்கே பஞ்சப்பள்ளியில் சின்னாற்று அணை, அதற்கு அப்பால் காடு. துப்பாக்கி, தர்மபுரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வீரப்பன் நினைவு வரும். 2004 அக்டோபர் 18 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டது பாப்பாரப்பட்டிப் பக்கம்தான். ஆனால் இங்கே துப்பாக்கி அவருக்கும் மூத்தது. காட்டோரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் சிலரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருக்கும்.

குழல்வாய் வழியாகவே எல்லாவற்றையும் போடும் துப்பாக்கி அது. தோட்டா என்ற பொருளே அதற்குக் கிடையாது. முதலில் மருந்து, அதன்மேல் அடைப்பு, அப்புறம் ரவை, மறுபடி அடைப்பு, இரும்புக் கம்பியால் குத்தல். பின்பக்கத்தில் ஒரு சின்னக் கேப்பு. இந்த முழு வேலைக்கும் "கெட்டிக்கறது" என்றுதான் பேர். வெடியில் போடுவதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. இரண்டிலும் அளவுதான் முக்கியம் என்பது பெரியப்பாவின் கட்சி. "மருந்து கூடுனா தோளு போவும், கொறைஞ்சா பன்னி போவும்" என்பார்.

என் கண்ணால் அவர் எதையும் சுட்டுக் கொன்று பார்த்ததில்லை. பெரும்பாலும் ரவையே போட மாட்டார். வெறும் மருந்தும் அடைப்பும். ராத்திரி சோளக் கொல்லையில் சத்தம் கேட்டால் ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். பெரிய பன்றிக் கூட்டம் இறங்கும் காலத்தில் மட்டும் ரவை. யானை என்றால் தகர டின்னும் தீவட்டியும்தான், துப்பாக்கியை எடுக்கவே மாட்டார். "அதுக்குக் கோவம் வந்தா மறுபடி கெட்டிக்கறதுக்கு நேரம் குடுக்குமா?" அந்தத் துப்பாக்கி ஒரு முறைக்கு மேல் பேசாது. அடுத்த வெடிக்குக் குறைந்தது அரை நிமிடம் ஆகும், இருட்டில் இன்னும் அதிகம்.

டெக்சாஸ் நண்பன் காசு கொடுத்து வாங்கிய அந்த நிதானம் பெரியப்பாவுக்குத் துப்பாக்கியோடு சேர்ந்தே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை ஏன் அவர் கையில் 1850-இன் துப்பாக்கி இருந்தது? ஏழ்மை ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

*

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பாருங்கள். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கிக்கு உரிமம். பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்பவருக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம். அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால் மட்டும் அதைவிட மேலானது. அதாவது விவசாயிக்கு எது பொருத்தம் என்பதைச் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் எழுதியே வைத்திருக்கிறது: தோட்டா இல்லாத துப்பாக்கி.

இந்த எண்ணத்தின் வேர் இன்னும் பழையது. 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை திப்புவிடமிருந்து ராயக்கோட்டைக் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் எங்கள் பாராமகால் முழுவதும் கம்பெனிக்குப் போனது. தெற்கே பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களில் ஆயுதம் தரிப்பது தடைசெய்யப்பட்டது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஆயுதக் களைவு அங்கிருந்து தொடங்குகிறது.

1857 இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா, மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டிய கொழுப்பு தடவிய காகிதம். பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். கொழுப்பு எந்த விலங்குடையது என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பள்ளிக்கூடப் பாடம். அதற்குப் பின் நடந்ததைப் பாடத்தில் சொல்வதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டின் வரிப்பள்ளத்தை நீக்கி, வழவழப்பான குழலாக்கிக் கொடுத்தார்கள். பார்க்க அதே துப்பாக்கி, ஆனால் குண்டு தூரத்தில் குறி தவறும். ஆள்பவன் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழையது ஆளப்படுபவன் கையில் இருக்கட்டும் என்பது அதன்பின் நெடுங்காலக் கொள்கையாயிற்று.

1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இதைக் குடிமக்களுக்கும் கொண்டுவந்தது. இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887-இல் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. விலக்குக்கு விலக்கும் உண்டு. கம்பெனிக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று குடகு மக்களுக்கு அளித்த சலுகை இன்றும் தொடர்கிறது; கொடவர்கள் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற அறிவிப்பு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. மாரண்டஹள்ளிக்காரருக்கு உரிமம் புதுப்பிக்கும் வரிசை, தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் வரிசை. குடகு இங்கிருந்து ஒரு பகல் பேருந்துப் பயணம்.

*

அரசுகளின் பயம் துப்பாக்கியைவிடத் தோட்டாவைப் பற்றியது என்பதற்கு ஓர் உதாரணம். 1907-ஐ ஒட்டி, .450 காலிபர் வேட்டை ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. யானை, காட்டெருமை வேட்டைக்காரர்களான துரைமார்களின் விருப்பத் துப்பாக்கி அது. பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றி ரைபிளும் அதே காலிபர். கலகக்காரர்கள் வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கித் தங்கள் மார்ட்டினி தோட்டாக்களில் மறுபடி நிரப்பிக்கொள்வார்கள் என்பதே தடைக்கு வேட்டை வரலாற்றாளர்கள் சொல்லும் காரணம். ரீலோடிங் பற்றிய பயத்தால் ஒரு முழுக் காலிபரே தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் .470 போன்ற புது அளவுகளைக் கண்டுபிடித்து விற்றன. ராணுவம் பயன்படுத்திய .303-உம் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால்தான் இந்தியாவில் சிவிலியன் ரைபிள் என்றால்.315 என்று ஆனது.

தொழில்நுட்பமும் இதே திசையில் போனது. 1866-ஐ ஒட்டி இரண்டு விதமான பிரைமர்கள் வந்தன. பிரிட்டனின் எட்வர்ட் பாக்ஸர் செய்ததில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை; ஓர் ஊசியை உள்ளே விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் செய்ததில் ஓரமாக இரண்டு சின்னத் துளைகள், ஊசி போகாது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ்காரர் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கர் முறை ஐரோப்பிய ராணுவங்களிலும் பிரிட்டிஷ் .303 தோட்டாவிலும் நிலைத்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரீலோடிங் வளர்ந்ததற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

மருந்தும் மாறியது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கரும்பொடியைப் பெரியப்பா மாதிரி அளவுக் குழாயில் முகந்து போடலாம். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் உறுதியான குழல் பொறுத்துக்கொள்ளும். 1889-இல் பிரிட்டனில் ஏபெலும் டூவரும் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைச் செய்தார்கள். இந்தியாவுக்கான கார்டைட்டைச் செய்ய 1900களின் தொடக்கத்தில் குன்னூர் பக்கம் அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இந்த வகை மருந்தில் சிறு அளவுக்குள் பெரிய சக்தி. முகந்து போட முடியாது, நிறுத்துப் போட வேண்டும். அளவு பிசகினால் துப்பாக்கியே கிழியும். நண்பனின் பட்டியலில் பிரஸ்ஸுக்குச் சமமாகத் தராசு இருந்ததன் காரணம் இதுதான். மருந்து மலைமேல் தொழிற்சாலைக்கும், தோட்டா புனே அருகே கிர்க்கி ஆலைக்கும் போய்விட்டன. கெட்டிக்கும் கை ஊருக்குள் தேவையில்லாமல் ஆயிற்று, நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவனைத் தவிர.

இன்றைய சட்டத்தில் இது எங்கே நிற்கிறது? 1959 சட்டம் வெடிபொருளை வரையறுக்கும்போது தோட்டாவோடு நிறுத்தவில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும் அந்த வரையறைக்குள் வருகின்றன. நண்பன் மேஜையில் திருகி வைத்திருக்கும் அந்த இரும்பு நெம்புகோலே இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெடிபொருள். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள் தண்டனை.

*

இதை எழுதும்போது ஒரு ஏக்கக் கட்டுரையாக மாறிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை எனக்கு இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கி நல்ல ஆயுதம் கிடையாது. கென்னத் ஆண்டர்சன் படித்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளில் திரிந்தவர். முதல் புத்தகம் 1954-இல் வந்தது. அவர் கதைகளில் சிறுத்தையோ புலியோ ஆட்கொல்லி ஆனதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, யாரோ ஒரு கிராமத்து வேட்டைக்காரனின் வாய்வழித் துப்பாக்கி கொடுத்த ஆறாத காயம். கொல்லப் போதாது, காயப்படுத்தப் போதும் என்ற நிலையில் இருந்த ஆயுதம் அது. ஆண்டர்சன் கையில் .405 வின்செஸ்டர் ரைபிள். காட்டை நேசித்தவர்தான். ஆனால் அவர் காயத்தைப் பார்த்த கோணம் ரைபிள் வைத்திருந்தவரின் கோணம். நல்ல துப்பாக்கி ஏன் அந்தக் கிராமத்தானிடம் இல்லை என்ற கேள்விக்கு மேலே சொன்ன வரலாறு பதில் சொல்லும்.

திருட்டு வேட்டையும் இந்தத் துப்பாக்கிகளால்தான் நடந்தது, நடக்கிறது. இன்றும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில், உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸார் கேட்பதும், அவை கொண்டுவந்து வைக்கப்படுவதும் உள்ளூர்ச் செய்தி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது சரி. உரிமங்கள் குறைந்ததும் சரி. பெரியப்பா இறந்தபின் எங்கள் வீட்டில் யாரும் அந்த உரிமத்தைக் கேட்கவில்லை. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. நான் கேட்டிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் துப்பாக்கி போனதே தவிர, பன்றியும் யானையும் போகவில்லை. காடு சுருங்கச் சுருங்க வரத்து கூடியது. அந்த இடத்துக்கு வந்தது கம்பி.

2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிக்கு அருகே காளிகவுண்டன்கொட்டாயில், நிலத்தைச் சுற்றிப் போட்டிருந்த சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. செத்த யானைகளைச் சுற்றிக்கொண்டு அவை நகர மறுத்ததை நாடே பார்த்தது. விவசாயி கைதானார்.

அனுமதிக்கப்பட்ட சோலார் வேலி விட்டுவிட்டு ஒரு நொடித்துளி மட்டும் அடிக்கும். விலங்கு அதிர்ந்து விலகிப்போகும். கம்பத்திலிருந்து நேராக இழுத்த மின்சாரம் தொட்டதை விடாது. யானை, பன்றி, மாடு, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் என்ற பேதமும் அதற்குக் கிடையாது. அதை வாங்க யாரும் கலெக்டர் ஆபீஸில் நிற்க வேண்டாம். சட்டவிரோதம்தான், ஆனால் ஏற்கெனவே நிலத்தில் இருக்கும் மின்சாரத்திலிருந்து ஒரு கம்பி தூரத்தில் இருக்கிறது.

வாய்வழித் துப்பாக்கியை அரசு விவசாயிக்கு விட்டுவைத்தது அதன் மந்தத்தை நம்பித்தான். அந்த மந்தத்தால் காட்டுக்கும் ஒரு நன்மை இருந்தது என்பது யாரும் திட்டமிடாதது. பெரியப்பா ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது: வெறும் மருந்தா, ரவையா, ஒன்றுமே வேண்டாமா. அந்தத் தீர்மானம் பலமுறை தவறியிருக்கும், காயங்கள் அதற்குச் சாட்சி. ஆனாலும் ஒரு மனிதன் இருட்டில் விழித்து உட்கார்ந்து, எதிரே வந்திருப்பது என்ன என்று பார்த்து, அதற்கேற்ற அளவைக் கெட்டிக்க வேண்டியிருந்தது. மின்வேலியில் அந்த மனிதனே இல்லை. ஸ்விட்சைப் போட்டுவிட்டு அவர் தூங்கப் போகலாம். போகிறார், ஏனென்றால் காலையில் தக்காளி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். எங்கள் ஊரில் காட்டை ஒட்டிய கொல்லைகள் முதல் கிலோமீட்டரிலேயே இருக்கின்றன. இருநூறு வருடம் ஊர்க்காரன் கையிலிருந்த மருந்தையும் ரவையையும் எண்ணிக்கொண்டிருந்த அரசு, கடைசியில் அந்தப் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கொல்லைக்கு வந்து நிற்க வேண்டும். அல்லது சேதமான பயிருக்கான பணம் அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். அதுவரை கம்பியை உருவி எறி என்று ஒரு விவசாயியிடம் சொல்லச் சட்டத்துக்கு அதிகாரம் இருக்கிறது. காரணம் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.